குழாயை எடுக்கச் சொன்ன தெரு

எங்கள் வார்டுக் கவுன்சிலர் ஒரு பெண். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் பகுதியில் "கவுன்சிலர் வந்துட்டாரு" என்று யாராவது சொன்னால், வெள்ளைச் சட்டையில் வண்டியை விட்டு இறங்குகிறவர் அவருடைய கணவர். வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் மனைவியின் பெயரை நோட்டீஸில் போட்டு, தன் படத்தை அவர் படத்தைவிடப் பெரிதாகப் போட்டு, வீடு வீடாகக் கை கூப்பி ஜெயித்த மனிதர். கூட்டங்களில் மனைவி நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பேசுவது, தலையாட்டுவது, போனில் யாரையாவது அதட்டுவது எல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து நடக்கும். நாங்களும் வெட்கமில்லாமல் அந்த மனிதரைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிடுகிறோம். நானும்தான்.

அவர் எந்த வேலையைச் செய்தாலும் அதற்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். சாக்கடை அடைத்துக்கொண்டால் அதன் ஓரத்தில் நின்று விரலை நீட்டி ஒரு படம் எடுத்துக்கொள்வார். மூன்று நாள் கழித்து அதே இடத்தில் விரலை மடக்கிக்கொண்டு இன்னொன்று. இரண்டும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். உடனே வீட்டுக்கு வீடு கும்பிடுகிற கைகளாக அனுப்பித் தள்ளுவார்கள். சாக்கடை வழிந்துகொண்டே இருந்த ஒரு காலையில், அதைத் தாண்டிக் குதித்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழுவி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து அந்தப் படத்துக்குக் கும்பிடு போட்ட ஒருவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் என் வீட்டுக்காரர்.

தெரு முனையில் ஒரு சிமெண்ட் மேடை, அதில் ஒரு தெருக்குழாய். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் வரும் நேரம் பார்க்கிற ஊர் எங்களுடையது. எங்கள் வீடுகளுக்கெல்லாம் தனி இணைப்பு உண்டு, மோட்டார் உண்டு, மாடியில் தொட்டி உண்டு. முனைக்குப் பின்னால் இருக்கும் ஐந்து அறை லைன் வீட்டுக்குத்தான் குழாய் வேண்டியிருந்தது. அங்கேயும் இணைப்பு ஒன்று இருந்தது, ஆனால் அது வீட்டுச் சொந்தக்காரர் பூட்டி வைத்திருந்த முன்கட்டில் முடிந்துவிட்டது. காகிதத்தில் ஐந்து குடித்தனத்துக்கும் தண்ணீர் ஓடியது.

அந்த ஐந்தில் ஒன்றில் இருந்தவர் இட்லிக்கடைக்காரம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கொத்து வேலைக்கு வெளியூர் போகிறவர், வந்தால் வருவார். அந்த அம்மா முனையில் தள்ளுவண்டி போட்டுக் காலையில் இட்லியும் சாயங்காலம் பணியாரமும் விற்றார். மற்ற நான்கு குடித்தனமும் இரண்டு குடத்தோடு சமாளித்துவிடும். இவருக்கு மாவாட்ட, வேகவைக்க, பாத்திரம் கழுவ என்று ஒரு நாளைக்குப் பதினான்கு, பதினைந்து குடம் வேண்டும். குழாய் நின்றால் அடுப்பு நின்றுவிடும். தெருவில் அத்தனை பேருக்கும் இது தெரியும், ஏனென்றால் அத்தனை பேரும் அந்த இட்லியைத் தின்றவர்கள்.

அதிகமாகத் தின்றவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முத்து முத்தான கையெழுத்துக்காரர். முனை வீடு அவருடையது. புதிதாக வாங்கிய கார் அவர் வீட்டு வாசலைவிட அகலம். கேட்டைப் பெரிதாக வைத்தார், ஆனால் அந்தக் கேட்டைத் திறந்தால் குழாய் மேடையில் இடித்தது. இது ஒன்றுதான் அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த குறை. அதை அவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. "காலங்காத்தால குடமும் சத்தமுமா இருக்கு, கோயிலுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்று மட்டும் அவ்வப்போது பொதுவாகச் சொல்லிவைப்பார். கோயிலுக்கு வருகிறவர்கள் எங்கள் தெரு வழியாக வருவதே இல்லை.

குழாயில் பிடி தேய்ந்துபோய், மேடையும் விரிசல் விட்டுத் தண்ணீர் பாதி மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் பகுதி சபா கூடப்போகிறது என்று தெரிந்ததும் இட்லிக்கடைக்காரம்மா என்னிடம் வந்தார். பகுதி சபா என்றால் தெருக்காரர்களை உட்காரவைத்துக் குறை கேட்கும் கூட்டம்.

"நான் பேசுனா எடுபடாதுங்கம்மா. நீங்க ஆபீசுல இருந்தவங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

"நான் சொல்றேன். ஆனா நீங்களும் வரணும். நீங்களும் இந்தத் தெருதானே" என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. எங்கள் சபாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தீர்மான நோட்டில் பக்கத்தின் மேல்பாதியை வெறுமனே விட்டுவிட்டு, கீழ்ப்பாதியில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானத்தைத் தலைவர் வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதிக்கொள்வார். கூட்டம் முடிகிறவரை காத்திருந்தால் பாதிப் பேர் போண்டாவைத் தின்றுவிட்டு நழுவிவிடுவார்கள் என்பதற்காக யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு. இத்தனை வருஷமாக யாரும் அதில் தப்பு கண்டுபிடித்ததில்லை. நோட்டோடு கூடவே போண்டாத் தட்டும் வரும், ஒரு கையால் எடுத்துக்கொண்டு மறு கையால் போட வேண்டியதுதான்.

நான் எழுந்து குழாயைப் பற்றிப் பேசினேன். பிடி மாற்ற வேண்டும், மேடையைப் பூச வேண்டும், லைன் வீட்டுக்காரர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள் என்று கணீரென்றே சொன்னேன். கவுன்சிலரின் கணவர் தலையை ஆட்டி, "குழாய் மேட்டர். தலைவரே, நோட் பண்ணிக்கங்க" என்றார். தலைவர் நோட் பண்ணிக்கொண்டார். வேலை முடிந்தது என்று எனக்கு ஒரே பெருமை. நோட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிற உத்தியோகத்தையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இட்லிக்கடைக்காரம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. நான் நோட்டை அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குங்கம்மா?" என்று பின்னால் நகர்ந்தார்.

"எதுக்கா? கேட்டதே நீங்க. போடுங்க."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பேனாவை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாக, பெரிது பெரிதாக, இரண்டு கோட்டை அடைத்துக்கொண்டு பெயரை எழுதி முடித்தார். அதற்குக் கீழே நான் என்னுடையதைக் கிறுக்கினேன். முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க, வெறும் தாள்ல போடாதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். அன்றைக்குப் போண்டா நன்றாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் இரண்டு பேர் பெரிய ஸ்பேனரும் கடப்பாரையுமாக வந்தார்கள். ரிப்பேருக்கு வந்திருக்கிறார்கள் என்று இட்லிக்கடைக்காரம்மா அவர்களுக்கு ஆளுக்கு நான்கு இட்லி வைத்துக் கொடுத்தார். தின்றுவிட்டுக் கை கழுவினார்கள், அந்தக் குழாயிலேயே. பிறகு அதைக் கழற்றி எடுத்தார்கள். பைப்பை மூடி போட்டு இறுக்கிவிட்டு மேடையை உடைக்க ஆரம்பித்தபோதுதான் அந்த அம்மா கத்திய சத்தம் கேட்டு நான் ஓடினேன்.

"எங்கள என்னம்மா கேக்குறீங்க? தெருவே எழுதிக் கொடுத்திருக்கு" என்று வந்தவர்களில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினார்.

தலைவரின் முத்து முத்தான கையெழுத்து. எல்லா வீடுகளுக்கும் குடிநீர் இணைப்பு வந்துவிட்டபடியால், சுகாதாரத்தையும் போக்குவரத்தையும் முன்னிட்டு, முனையில் உள்ள தெருக்குழாயை அகற்றித் தருமாறு பொதுமக்கள் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறார்கள். கீழே முப்பது முப்பத்தைந்து கையெழுத்து. கடைசிக்கு முந்தியது பெரிய பெரிய எழுத்தில் இட்லிக்கடைக்காரம்மா பெயர். கடைசி நான்.

"இதுல என் பேரு இருக்குங்களா?" என்று கேட்டார் இட்லிக்கடைக்காரம்மா. அவருக்குத் தன் பெயரை எழுதவும் படிக்கவும் தெரியும், மற்றதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே பார்த்துவிட்டார். மாவு ஒட்டிய விரலை அதன்மேல் வைத்தார்.

நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். "நீங்கதான குழாய் மேட்டர எடுத்தீங்க? ரிப்பேர் ரிப்பேர்னு வருஷா வருஷம் அலையறதுக்கு எடுத்துட்டா தொல்லை விட்டுச்சுன்னு ஒரு அபிப்பிராயம் வந்தது" என்றார். யாருக்கு வந்தது அந்த அபிப்பிராயம் என்று கேட்டேன். "பொதுவா" என்றார். அவர் கேட் அகலமாகத் திறந்து கிடந்தது.

அங்கிருந்து கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். கணவர் இல்லை. கவுன்சிலர் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கொட்டித் தீர்த்ததை முழுக்கக் கேட்டார்.

"நோட்ட நான் படிக்கறதில்லீங்க. போடச் சொல்ற எடத்துல போடுவேன். அவரு வந்ததும் சொல்றேன்" என்றார்.

"கவுன்சிலர் நீங்களா அவரா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன். அவர் பீன்ஸ் நாரை உரித்து ஓரமாக வைத்தார். வெறும் தாளில் கையெழுத்துப் போட்ட நான் போய் அவரைக் கேட்கிறேன் என்பது வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரமே முனைச் சுவரில் ஒரு பலகை வைத்தார்கள். "குழாயடி இல்லா முன்மாதிரித் தெரு." கவுன்சிலரின் கணவர் ரிப்பன் வெட்டினார், தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். இந்தத் தடவை இரண்டிலும் குழாய் இல்லை. குழுவில் கும்பிடுகிற கைகள் வந்து குவிந்தன. லைன் வீட்டுக்காரர்கள் எங்கே தண்ணீர் பிடிப்பார்கள் என்று நான் எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது, ஒரு பெண்மணி தவறுதலாக அனுப்பிய காலை வணக்கம்.

சரி, நான் தண்ணீர் தருகிறேன் என்று கிளம்பினேன். தெருவில் மனிதர்கள் இல்லையா என்ன? கூடம் வழியாகப் போய் எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இட்லிக்கடைக்காரம்மா தயங்கித் தயங்கித்தான் வந்தார். விடிந்தும் விடியாமலும் இரண்டு குடத்தோடு வருவார், ஏழெட்டு நடை நடப்பார். முதல் நாள் அவருக்கு நான் காபி கலந்து கொடுத்தேன். நான்காம் நாள், மோட்டாரை இன்னொரு தடவை போட வேண்டியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் செய்தித்தாளைப் பார்த்துச் சொன்னார். செய்தித்தாளும் நானும் பேசாமல் இருந்தோம். எட்டாம் நாள் காபி கொடுக்க மறந்தேன். மறந்தேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் மழை தூறியிருந்தது. அவர் காலில் சேறு. கூடத்து ஓரமாகத்தான் நடந்தார், இருந்தும் மொசைக் தரையில் தடம் விழுந்தது. எனக்கு முழங்கால் வலி வேறு. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடைப்பானை எடுத்துக்கொண்டு, அவர் குடத்தோடு நடந்துபோக, பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் அவர் திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார், ஈரத் தரையையும் பார்த்தார். "வரேங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வரவில்லை. நான்கைந்து நாள் எங்கிருந்தோ கேன் தண்ணீரை வைத்து வண்டியை ஓட்டினார், சட்னி தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது என்று தலைவர் குறைப்பட்டுக்கொண்டார். அந்த ஆளின் நாக்கைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு நாள் முனை காலியாக இருந்தது. உப்பிலியபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாக லைன் வீட்டில் சொன்னார்கள்.

மூன்று நான்கு மாதம் கழித்து அடுத்த பகுதி சபா வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டுபோவது இப்போது என் வேலை என்று ஆகிவிட்டதால் தலைவர் தாமாகவே என்னிடம் கொடுத்தார். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேல்பாதி வழக்கம்போல வெறுமையாக இருந்தது. லைன் வீட்டுக் குடித்தனங்களுக்குத் தண்ணீர் இல்லாததால், அகற்றிய தெருக்குழாயை அதே இடத்தில் மேடையோடு திரும்ப வைத்துத் தருமாறு பொதுமக்கள் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறார்கள் என்று நல்ல பெரிய எழுத்தில், நீல மையில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டுத்தான் நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். ஒளிவு மறைவு ஒன்றும் செய்யவில்லை. யாராவது படித்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன்.

ஒருவர்கூடப் படிக்கவில்லை. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், பிள்ளைகளைக் கல்லூரியில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறவர்கள், அத்தனை பேரும் ஒரு கையில் போண்டாவோடு போட்டுக்கொண்டே போனார்கள். என் வீட்டுக்காரர் போட்டார். தலைவர் சட்னித் தட்டைப் பார்த்தபடியே, வளைத்து, கீழே இரண்டு புள்ளி வைத்துப் போட்டார். கவுன்சிலரின் கணவர் போனில் பேசிக்கொண்டே மனைவி பக்கம் நோட்டைத் தள்ளினார்.

கவுன்சிலர் பேனாவைத் திறந்தார். போடவில்லை. மேலே பார்த்தார். ஒரு விரலை வரியின்மேல் வைத்துக் கடைசிவரை படித்தார். பிறகு தலையைத் தூக்கி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார், நோட்டை மூடினார். "முடிஞ்சுதா?" என்று கணவர் கேட்டார். "முடிஞ்சுது" என்று சொல்லி, தலைவரிடம் கொடுக்காமல் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

குழாய் வந்துவிட்டது. அதே இடம், புது மேடை. தலைவர் கொதித்தார், ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவரால் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? கவுன்சிலரின் கணவர் அதைவிடச் சாமர்த்தியசாலி. மக்கள் கோரிக்கையை ஏற்றுக் குடிநீர்க் குழாய் என்று மறுபடியும் ரிப்பன், மறுபடியும் படம். பலகையில் "குழாயடி இல்லா" என்பதன்மேல் மட்டும் பெயிண்ட் அடித்தார்கள், முன்மாதிரித் தெரு அப்படியே இருக்கிறது. எனக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். இப்போது காலை வேளையில் அந்தக் குழாயில் ரப்பர் டியூபைச் செருகித் தலைவர் கார் கழுவுகிறார். மேடை வந்துவிட்டதால் காரை உள்ளே ஏற்ற முடியவில்லை, குழாய்ப் பக்கத்திலேயே நிறுத்துகிறார்.

குழாய் வைத்த அன்று சாயங்காலமே லைன் வீட்டில் நம்பர் வாங்கி இட்லிக்கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மாவா? நல்லாருக்கீங்களா? முழங்கால் தேவலையா?" என்றார்.

"குழாய் திரும்ப வந்துடுச்சுங்க. வந்துடுங்க. வண்டி போடலாம்" என்றேன்.

"வண்டிய வித்துட்டேங்கம்மா. இங்க அக்காகூடக் காட்டு வேலைக்குப் போறேன். ரூமையும் வேற ஆளுக்கு விட்டுட்டாங்கள்ல" என்றார். பிறகு, "யாரு கேட்டு வந்துச்சுங்கம்மா குழாய்?"

"தெருவே கேட்டுச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க."

"தலைவர் ஐயாவுமா?"

"அவரும்தான்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பழைய நோட்டுல என் பேரு இருக்குல்ல, அத மட்டும் அடிச்சிட முடியுங்களா? எங்க வீட்டுக்காரரு வர்றப்பல்லாம் கேக்குறாரு, நீயே எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து ஏன் அழுவுறன்னு. நான் எடுக்கச் சொல்லலீங்கம்மா. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தடவச் சொன்னார். அன்றைக்குப் பேனாவைக் கையில் திணித்தது நான்தான் என்பதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.